பாரிமுனை நடைபாதையிலிருந்து கொருக்குப்பேட்டைக்கு: ஓர் ஊழியப் பயண அனுபவம்

எங்கள் சபையில் மே மாதம் வந்தால் ஊழியப் பயணம் உண்டு. பாளையங்கோட்டையிலிருந்து வழக்கமாக மலைக்கிராமங்களுக்குத்தான் போவார்கள். வாலிபர்கள் கிட்டாரைத் தூக்கிக்கொள்வார்கள், பிள்ளைகளுக்கு விடுமுறை வேதாகமப் பள்ளி நடக்கும், திரும்பி வந்து சாட்சி சொல்வார்கள். போன வருஷம்தான் சென்னை என்று முடிவானது. வண்ணாரப்பேட்டைப் பக்கம் ஒரு சபையில் ஆயராக இருப்பவர் எங்கள் ஊர்க்காரர். "நடைபாதையில இருக்கிற குடும்பங்களுக்குச் சோறு போடுதோம், ஆக்குறதுக்கு ஆள் வேணும். முடிஞ்சா ரெண்டு மூணு குடும்பத்த வாடகை வீட்டுல குடிவைக்கணும்" என்று கேட்டிருந்தார்.

சோறு ஆக்குவதற்கு எங்கள் ஊரில் ஆள் பஞ்சமில்லை. வருஷா வருஷம் அசனத்துக்கு, அதாவது சபையார் எல்லாருக்கும் போடுகிற விருந்துக்கு, விடிய விடிய ஆக்குகிற கைகள். நான் சமையலுக்குப் போகவில்லை. இ-சேவை மையத்தில் வேலை பார்க்கிறேன், நாள் முழுக்க ஆதாரும் சான்றிதழும்தான். "குடிவைக்கணும்னா பேப்பர் வேலை நிறைய இருக்கும், நீ வாம்மா" என்று ஆயர் தனியாகச் சொன்னதால் கிளம்பினேன். நெல்லை எக்ஸ்பிரஸில் எழும்பூர் வந்து இறங்கும்போதே வெயில் சுள்ளென்று அடித்தது. கத்திரி வெயில் என்றால் என்ன என்று சென்னையில்தான் தெரியும்.

சோற்றுக் கதையை முதலில் சொல்லிவிடுகிறேன், அது சுலபம். ஒரு கிலோ அரிசி எட்டுப் பத்துப் பேருக்கு வரும். மண்டபத்துக்குப் பின்னால் அடுப்புப் போட்டு, அண்டாவை ஏற்றி, சாம்பார் சாதம், எலுமிச்சை சாதம், தயிர்சாதம் என்று மாற்றி மாற்றி ஆக்கினோம். எங்கள் தலைமைச் சமையல்காரர் அண்ணாச்சி சாதத்தைப் பாயில் கொட்டி ஆறவிடாமல் பொட்டலம் கட்ட விடமாட்டார். "சூட்டோட கட்டினா மத்தியானத்துக்குள்ள நூல் விட்டுரும்ல" என்று வாலிபர்களை அதட்டுவார். தயிர்சாதத்துக்கு அவர் கணக்கே வேறு: சாதத்தை நன்றாகக் குழைத்து, பாலைத் தாராளமாக ஊற்றி, தயிரை ஒப்புக்கு ஒரு கரண்டி விடுவார். காலையில் கட்டினது சாயங்காலம் சாப்பிடுகிறவர்கள் கையில் சரியான பதத்தில் இருக்கும். அந்த வெயிலில் ஒரு பொட்டலமும் புளித்துப்போகவில்லை.

கிளம்பும் முன்பு காவல் நிலையத்தில் ஒரு வார்த்தை சொல்லிவைத்தோம். அங்கிருந்த அதிகாரி நேராகவே கேட்டார்: "நோட்டீஸ் குடுப்பீங்களா?" ஆயர் கொடுக்கமாட்டோம் என்றார். கைப்பிரதி கூடாது, சாப்பாட்டுக்கு முன்னால் பாட்டு ஜெபம் கூடாது என்று அவர் ஏற்கெனவே கண்டிப்பாகச் சொல்லியிருந்தார். "அப்போ இது என்ன ஊழியம்?" என்று எங்கள் வாலிபர்களில் ஒருவனுக்கு முகம் சுருங்கிவிட்டது. எனக்கு ஆயர் சொன்னதுதான் நியாயமாகப் பட்டது. பசித்தவன் கையில் பொட்டலத்தையும் பிரதியையும் சேர்த்துக் கொடுத்தால் அவன் எப்படி வேண்டாம் என்பான்?

பாரிமுனைக்குப் பின்னால் ஜார்ஜ் டவுன் தெருக்களில் சாயங்காலம் கடை சாத்தின பிறகுதான் குடும்பங்கள் வெளியே தெரியும். பகலெல்லாம் சுருட்டிவைத்த பாயும் துணிமூட்டையும் கடை வாசல் திண்ணைக்கு வரும். முதல் தடவை போனது ஞாயிற்றுக்கிழமை. எங்களுக்கு முன்பே வேறு யாரோ வேன் நிறைய பிரியாணி கொடுத்துவிட்டுப் போயிருந்தார்கள். எங்கள் சாம்பார் சாதத்தை வாங்கிப் பக்கத்தில் வைத்துக்கொண்ட ஒரு அம்மா சிரித்துக்கொண்டே சொன்னார்: "இன்னாம்மா, சண்டேன்னா எல்லாரும் வர்றீங்க. அமாவாசன்னா சேட்டுக் கடைல குடுப்பாங்க. செவ்வாக்கெயம வந்து பாரு, ஒரு ஆளு இருக்கமாட்டான்." அன்றைக்கே அட்டவணையை மாற்றினோம். ஞாயிறு சமையல் கிடையாது, செவ்வாயிலிருந்து வெள்ளி வரை மட்டும். ஒரு பெரிய பேனரும் அடித்துக்கொண்டு போயிருந்தோம், அது மண்டபத்திலேயே கிடந்தது. போட்டோ எடுக்கக் கேட்டபோது அதே அம்மா, "என்ன எடுத்துக்கோ, வயசுப் பொண்ண எடுக்காத" என்றார். அதற்கப்புறம் நாங்கள் கேமராவை எடுக்கவே இல்லை.

அந்த அம்மாவின் மாமியார் காலத்திலிருந்து அதே தெருதான். கொத்தவால் சாவடியில் காய்கறிச் சந்தை இருந்தபோது செய்யாறு பக்கத்திலிருந்து மூட்டை தூக்க வந்த குடும்பம். 1996-இல் சந்தை கோயம்பேட்டுக்குப் போனது, இவர்கள் போகவில்லை. கணவர் மீன்பாடி வண்டி (மிதித்து ஓட்டுகிற மூன்று சக்கரச் சரக்கு வண்டி) ஓட்டுகிறார், இந்த அம்மா பூக்கடையில் பூ வாங்கித் தொடுத்து விற்கிறார். பிள்ளைகள் கார்ப்பரேஷன் பள்ளியில் படிக்கிறார்கள். பிழைப்பு உண்டு, வருமானம் உண்டு, வீடு மட்டும் இல்லை. நடைபாதை என்றாலே பிச்சைதான் என்று எங்கள் குழுவில் பாதிப்பேர் நினைத்து வந்திருந்தார்கள்.

மாநகராட்சிக் காப்பகத்தில் சேர்த்தால் என்ன என்ற யோசனை எங்களுக்கும் வந்தது. வீடற்றவர்களுக்காக மாநகராட்சி நடத்தும் காப்பகங்கள் சென்னையில் பல இடங்களில் இருக்கின்றன, காசு கிடையாது. ஆனால் பெரும்பாலும் ஆண்களுக்குத் தனி, பெண்களுக்குத் தனி. "அவரு ஒரு பக்கம், நான் ஒரு பக்கம், பெரிய பையன் இன்னொரு பக்கமா? இங்கயாச்சும் ஒண்ணா கீறோம்" என்று அம்மா ஒரே போடாகப் போட்டார். சரி, குடிசை மாற்று வாரிய வீடு? (2021-இல் பேரை நகர்ப்புற வாழ்விட மேம்பாட்டு வாரியம் என்று மாற்றிவிட்டார்கள், ஜனங்கள் வாயில் இன்னும் பழைய பேர்தான்.) அவருடைய கொழுந்தன் குடும்பத்துக்கு, நகரத்தின் தென்கோடியில் இருக்கிற பெரும்பாக்கத்தில் மாடி வீடு கிடைத்துப் போயிருக்கிறார்கள். விடியற்காலை நாலு மணிக்குப் பூ ஏலத்துக்கு அங்கிருந்து எப்படி வருவது? வீட்டைப் பார்த்தால் பிழைப்பு போகும், பிழைப்பைப் பார்த்தால் வீடு போகும்.

ஆக, பக்கத்திலேயே வாடகை வீடு. கொருக்குப்பேட்டை என்றால் மீன்பாடி வண்டியை மிதித்தே வேலைக்கு வந்துவிடலாம். மூன்று குடும்பங்களை முடிவு செய்தோம். இங்கேதான் எங்கள் உண்மையான வேலை தொடங்கியது.

ஒரு அறை, ஒரு சமையல் மேடை, நாலு குடித்தனத்துக்குப் பொதுவாகக் கழிப்பறை. வாடகை 4000, அட்வான்ஸ் 30000. மாதம் 4000 இவர்களால் கொடுக்க முடியும், தண்டலுக்கு (தினமும் வசூலிக்கிற வட்டிக் கடன்) வாங்கி அதைவிட அதிகமாகவே கட்டிக்கொண்டிருக்கிறார்கள். மொத்தமாக 30000 எந்தக் காலத்திலும் கையில் சேராது. அந்தப் பணம், காணிக்கையாக வருகிற பொருட்களை ஏலம் விடுகிற எங்கள் அறுப்பின் பண்டிகையில் வந்தது. ஒரு பரங்கிக்காயைப் போட்டி போட்டு ஆயிரக்கணக்கில் ஏலம் எடுக்கிற சபை எங்களுடையது, கிண்டலாகப் பேசுவேன், இந்த முறை வாயை மூடிக்கொண்டேன்.

பணம் இருந்தும் வீடு கிடைக்கவில்லை. வீட்டுக்காரர்களின் முதல் கேள்வி "எந்த ஊரு?", இரண்டாவது "என்ன ஆளுங்க?" புரோக்கர் என்னைத் தனியாகக் கூப்பிட்டு, "பிளாட்பாரம்னு மட்டும் வாய விட்றாதீங்க மேடம்" என்றார். குடிவந்த மறுநாளே தெரியப்போகிற விஷயத்தை மறைத்து என்ன பிரயோஜனம்? கடைசியில் கை கொடுத்தவர் உள்ளூர்ச் சபையின் ஒரு பெரியவர், துறைமுகத்தில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவர், எல்லாருக்கும் அங்கிள். அவர் அந்தத் தெருக்களில் ஐம்பது வருஷமாக நடக்கிற ஆள். தெரிந்த வீட்டுக்காரரிடம் போய் உட்கார்ந்து, டீ குடித்து, ஊர்க்கதை பேசி, கிளம்பும்போது "வாடகை நிக்காதுப்பா, நின்னா என்னக் கேளு" என்றார். வீடு கிடைத்துவிட்டது. வெளியூரிலிருந்து போன நாங்கள் எத்தனை பேர் நின்று பேசியிருந்தாலும் அது நடந்திருக்காது.

ஒப்பந்தம் யார் பேரில் என்பதில் ஒரு சண்டை. சபை பேரில் எழுதினால்தான் அட்வான்ஸ் பத்திரமாகத் திரும்பி வரும் என்று எங்கள் கமிட்டியில் சிலர் போனிலேயே வாதாடினார்கள். அந்த அம்மா பேரில்தான் எழுத வேண்டும் என்று நான் நின்றேன். காரணம் சென்டிமென்ட் கிடையாது. முத்திரைத்தாளில் அவர் பேர் இல்லாவிட்டால் அது அவருக்கு முகவரிச் சான்று ஆகாது, ரேஷன் அட்டைக்கு மனுப் போட முடியாது. அட்டை இல்லாவிட்டால் இலவச அரிசி கிடையாது, மகளிர் உரிமைத்தொகை மாதம் 1000 ரூபாய்க்கும் அதுதான் ஆதாரம். 2023 டிசம்பரில் மிக்ஜாம் புயல் நிவாரணம் 6000 ரூபாய் ரேஷன் கடை வழியாகத்தான் வந்தது. முழங்கால் தண்ணீரில் திண்ணைமேல் பிள்ளைகளை நிற்கவைத்த இந்தக் குடும்பத்துக்கு அதில் ஒரு பைசா கிடைக்கவில்லை. இதையெல்லாம் போனில் விளக்கி முடிப்பதற்குள் எனக்குத் தொண்டை வறண்டுவிட்டது. சம்மதித்தார்கள். பதினொரு மாத ஒப்பந்தம், அம்மா பேரில். (ஒரு வருஷத்துக்கு மேல் போனால் பத்திரப்பதிவு அலுவலகத்தில் பதிவு செய்ய வேண்டும், அதனால்தான் எல்லாரும் பதினொன்றில் நிறுத்துகிறார்கள்.)

அப்புறம் ஆதாரில் முகவரி மாற்றம். பூத் தொடுத்துத் தொடுத்து அந்த அம்மாவுக்கு ரேகையே விழவில்லை. சோப்புப் போட்டுக் கழுவச் சொல்லி, ஈரத்துணியால் ஒத்தி, விரலை மாற்றி மாற்றி வைத்து, ஒருவழியாக மோதிர விரல் பிடித்தது. எங்கள் ஊரில் பீடி சுற்றுகிற அக்காமார்களுக்குச் செய்கிற அதே வைத்தியம்.

அதைவிடப் பெரிய முடிச்சு ஒன்று இருந்தது. கல்யாணத்துக்கு முன்பு அவர் பேர் செய்யாறில் அப்பாவின் ரேஷன் அட்டையில் ஏறியிருந்தது. அங்கே நீக்காமல் இங்கே ஏறாது. நீக்குவதற்கான ஓடிபி அந்த அட்டையோடு இணைத்த போனுக்குத்தான் போகும். அப்பா இறந்துவிட்டார், போன் அண்ணன் கையில், அண்ணனோடு பல வருஷமாகப் பேச்சு வார்த்தை இல்லை. "நீயே பேசும்மா" என்று என் கையில் போனைக் கொடுத்துவிட்டுத் தள்ளிப்போய் நின்றுகொண்டார். அண்ணன் முதலில் சந்தேகப்பட்டார், ஓடிபி கேட்டால் யார்தான் சந்தேகப்படமாட்டார்கள்? தங்கச்சி குரலைக் கேட்டால்தான் சொல்வேன் என்றார். இரண்டு பேரும் பேசினார்கள். முதலில் பழைய சண்டை, அப்புறம் அழுகை, அதற்குள் ஓடிபி காலாவதியாகி, மறுபடி அனுப்பி, எல்லா எண்ணையும் அவர் சொல்லி முடித்தபோது ராத்திரி பத்து மணி இருக்கும்.

குடிபோன அன்றைக்குப் பால் காய்ச்சினார்கள். சுவரில் அம்மன் படம் மாட்டியிருந்தது. ஜெபம் பண்ணலாமா என்று ஆயர் தயங்கிக் கேட்டார். "பண்ணுங்க பாதர், எல்லா சாமியும் வரட்டும்" என்றார் அம்மா. சின்னதாக ஒரு ஜெபம் பண்ணினார். எங்களுக்கும் ஒரு டம்ளர் பால் கிடைத்தது. வண்டியிலிருந்து இறங்கிய சாமான் ஒரு டிரங்குப் பெட்டி, குடங்கள், ஸ்டவ், பள்ளிப் பைகள், அவ்வளவுதான். எங்கள் ஊரைப் பற்றி அன்றைக்குத்தான் விசாரித்தார். அதே 2023 டிசம்பரில் நெல்லையும் தூத்துக்குடியும் மூழ்கியதை டிவியில் பார்த்தாராம். "உங்களுக்கே அந்தக் கதி, நீங்க இங்க வந்து சோறாக்குறீங்க" என்று சொல்லிவிட்டு உள்ளே போய்விட்டார். என்ன பதில் சொல்வதென்று எனக்குத் தெரியவில்லை.

பிரச்சினை அதற்கப்புறமும் இருந்தது. பிள்ளைகளுக்கு மூடின அறைக்குள் தூக்கம் வரவில்லை, வாசற்படியில் வந்து படுத்தார்கள், வீட்டுக்காரர் சத்தம் போட்டார். கரண்டுக்கு யூனிட் கணக்கில் வீட்டுக்காரர் போட்ட ரேட் அரசாங்க ரேட்டைப் போல இரண்டு மடங்கு. மூன்றாவது குடும்பம் சில மாதத்திலேயே திண்ணைக்குத் திரும்பிவிட்டது. அந்த வீட்டில் தண்ணீர் காலையில் ஒரு மணி நேரம்தான் வரும், அந்த நேரத்தில் அவர்கள் இரண்டு பேருமே சந்தை வேலையில் இருப்பார்கள். நன்றியில்லாதவர்கள் என்று எங்கள் கமிட்டியில் ஒருவர் சொன்னபோது எனக்குக் கோபம் வந்தது. தண்ணீர் பிடிக்க ஆளில்லாத வீட்டில் அவர் ஒரு வாரம் இருந்து பார்க்கட்டும். அவர்களுடைய அட்வான்ஸ் பிடித்தம் போக அவர்கள் கைக்கே போனது, எங்களுக்கு வரவில்லை, அதிலும் சிலருக்கு வருத்தம்.

மற்ற இரண்டு குடும்பமும் அங்கேயே இருக்கிறார்கள். பூக்கார அம்மாவுக்கு அட்டை வந்துவிட்டது. பதினொரு மாதம் முடிந்து வீட்டுக்காரர் 500 ரூபாய் ஏற்றிக் கேட்கிறார், அங்கிள் 300-க்குப் பேசிக்கொண்டிருக்கிறார்.

இந்த வருஷமும் சென்னைக்குப் போகலாம் என்று வாலிபர்கள் கேட்கிறார்கள். நாற்பது பேர் போய் வருகிற டிக்கெட் செலவில் ஒரு குடும்பத்தின் அட்வான்ஸ் அடங்கிவிடும், அதனால் அண்ணாச்சியும் இன்னும் ஏழெட்டுப் பேரும் போதும், மீதியை அங்கிளிடம் அனுப்பிவிடலாம் என்று எழுதிக் கொடுத்திருக்கிறேன். கமிட்டி இன்னும் கூடவில்லை.