நடு சீட்டு எனக்கு

போன ஞாயிற்றுக்கிழமை ஜோகன்னஸ்பர்க்கிலிருந்து ஒரு தோழி கூப்பிட்டாள். "அக்கா, டிசம்பர்ல சென்னைக்குப் போறோம். பையனுக்கு அப்போ பதினாலு மாசம் ஆகியிருக்கும். இவரு பிசினஸ் கிளாஸ் போடலாம்ங்கிறாரு. பையன் நல்லா தூங்குவானா?"

அடுப்பில் சாம்பார் கொதித்துக்கொண்டிருந்தது. "அவன் தூங்குவானோ என்னவோ, உன் வீட்டுக்காரர் நல்லா தூங்குவார்" என்று சொல்லிப் போனை வைத்துவிட்டேன். அப்புறம் மனசு கேட்கவில்லை. அவள் விளையாட்டுக்குக் கேட்கவில்லை, பணம் போடப்போகிறாள். அதனால் நான் மூன்று தடவை மகளைத் தூக்கிக்கொண்டு பறந்து கற்றுக்கொண்டதை இங்கே எழுதி வைக்கிறேன்.

நாங்கள் இருப்பது தென்னாப்பிரிக்காவில் டர்பன். இங்கிருந்து சென்னைக்கு நேர் விமானம் கிடையாது. எங்கள் ஊர் விமான நிலையம் கிங் ஷாக்காவில் சாயங்காலம் ஏறினால் எட்டரை மணி நேரம் போல ஆகும் வளைகுடாவுக்கு. அங்கே இறங்கி, காத்திருந்து, இன்னொன்றில் ஏறினால் சென்னைக்கு இன்னும் நாலு மணி நேரம். எங்களுக்கு அதோடு முடியாது. எழும்பூரில் நெல்லை எக்ஸ்பிரஸ் பிடித்து விருதுநகரில் இறங்க வேண்டும். வாசல் கோலத்தை மிதிக்கும்போது ஒன்றரை நாள் ஓடியிருக்கும்.

முதல் தடவை போனபோது மகளுக்கு ஏழு மாதம். வீட்டுக்காரருக்கு லீவு கிடைக்கவில்லை, நான் மட்டும்தான். அதற்கே ஒரு வாரம் காகித வேலை. 2015 முதல் தென்னாப்பிரிக்காவில் பிள்ளையோடு எல்லை தாண்டினால் பிறப்புச் சான்றிதழ், உடன் வராத பெற்றோரின் சம்மதக் கடிதம் எல்லாம் கேட்க ஆரம்பித்தார்கள். பிற்பாடு வெளிநாட்டுப் பிள்ளைகளுக்குக் கொஞ்சம் தளர்த்தினார்கள். ஆனாலும் கையில் இல்லாமல் கவுண்டரில் போய் நிற்க எனக்குத் தைரியம் இல்லை. அந்தச் சம்மதத்தைச் சத்தியம் செய்து அஃபிடவிட்டாகக் கொடுக்க இங்கே போலீஸ் ஸ்டேஷனுக்குப் போவதுதான் வழக்கம். விருதுநகரில் அம்மாவிடம் "மாப்பிள்ளை போலீஸ் ஸ்டேஷனுக்குப் போயிருக்கார்" என்று போனில் சொல்லிவிட்டேன், அம்மா பத்து நிமிஷம் பேசவே இல்லை.

சரி, விஷயத்துக்கு வருகிறேன். இரண்டு வயது வரை பிள்ளைக்கு மடிதான் இருக்கை. வெளிநாட்டு விமானங்களில் அதற்குப் பெரியவர்கள் கட்டணத்தில் பத்தில் ஒரு பங்கு போல வாங்குவார்கள். சுவரைப் பார்த்த முன் வரிசை கேட்டு வாங்கினால் தொட்டில் மாட்டித் தருவார்கள். பேசினெட் என்று சொன்னால்தான் கவுண்டரில் புரியும். அதற்கு எடைக் கணக்கு உண்டு. நிறுவனத்துக்கு நிறுவனம் மாறும், பத்து பதினொரு கிலோவைத் தாண்டிய பிள்ளைக்குப் பல இடங்களில் கிடையாது. என் மகள் அப்போது ஏழரைக் கிலோ. வேண்டிய மட்டும் இடம் இருந்தது.

தொட்டிலை விமானம் மேலே ஏறி நிமிர்ந்த பிறகுதான் கொண்டுவந்தார்கள். சுவரில் இரண்டு கொக்கி, அதில் ஒரு தட்டு, மேலே வலை மாதிரி ஒரு மூடி. பால் கொடுத்து, தோளில் போட்டுத் தட்டி, ஏப்பம் வரவைத்து, மூச்சைப் பிடித்துக்கொண்டு உள்ளே இறக்கினேன். முதலில் இடுப்பு, அப்புறம் முதுகு, கடைசியாகத் தலைக்குக் கீழே இருந்த கையை ஒவ்வொரு விரலாக உருவினேன். தூங்கிவிட்டாள். ஒரு வாய் தண்ணீர் குடித்திருப்பேன். "டிங்" என்று சீட் பெல்ட் விளக்கு எரிந்தது. விமானம் குலுங்கினால் பிள்ளை தொட்டிலில் இருக்கக் கூடாது, எடுத்து மடியில் வைத்து, நம் பெல்ட்டில் கோத்த சின்ன பெல்ட்டை அவளுக்குப் போட வேண்டும். எடுத்தேன், விழித்துக்கொண்டாள். அந்த ராத்திரியில் நாலு தடவை இதே கதை. ஆப்பிரிக்கக் கண்டத்தை நீளவாக்கில் தாண்டிப் போகிறோம், நடுவில் பூமத்தியரேகைப் பக்கம் மேகம் கூடுவது வழக்கம் என்று பக்கத்து சீட்டுக்காரர் ஆறுதல் சொன்னார். ஆறுதலாகத்தான் இல்லை.

ஆனாலும் ஏழு மாதத்துக்கு எகானமி தொட்டில் வரிசைதான் சரி என்று இப்போதும் சொல்வேன். கால் நீட்டலாம், தரையில் துணி விரித்து டயப்பர் பையைப் பரப்பலாம், எழுந்து உலாத்த யாரையும் தாண்ட வேண்டாம். ஒன்றே ஒன்று. அந்த வரிசையில் சாப்பாட்டுத் தட்டும் டிவியும் கைப்பிடிக்குள் மடங்கியிருக்கும். அதனால் கைப்பிடி மேலே தூக்க வராது. பக்கத்து சீட்டு காலியாக இருந்தாலும் பிள்ளையைப் படுக்க வைக்க முடியாது. இந்தக் கைப்பிடியை ஞாபகம் வைத்துக்கொள்ளுங்கள், மறுபடி வரும்.

இரண்டாவது தடவை இருபத்திரண்டு மாதம். வீட்டுக்காரர் அடிக்கடி பறந்து சேர்த்து வைத்திருந்த மைல்ஸ் புள்ளிகளில் ஒரு ஆளுக்கு மட்டும் பிசினஸுக்கு ஏற்ற முடிந்தது. "நீயும் பாப்பாவும் முன்னாடி போங்க, நான் பின்னாடி சமாளிச்சுக்கிறேன்" என்றார். தியாகம் என்று நினைத்துக் கண் கலங்கினேன்.

பிசினஸ் கிளாஸைக் குறை சொல்ல மாட்டேன். சீட்டு முழுசாகப் படுக்கையாக விரியும். துணி நாப்கின், கண்ணாடி டம்ளர், கழிவறையில் வரிசை கிடையாது. ஆனால் அது ஒற்றை ஆளுக்குச் செய்த படுக்கை. பன்னிரண்டு கிலோப் பிள்ளை, தொட்டில் வயதைத் தாண்டியவள், என் விலாவுக்கும் தடுப்புக்கும் நடுவில் குறுக்கே கிடந்தாள். ஒரு கால் என் தாடையில். நான் மூட்டுப் போட்ட கதவு மாதிரி ஒரு பக்கமாகவே மடங்கிக் கிடந்தேன். எதிர்வரிசையில் கோட் போட்ட ஒருவர் காதை மூடும் ஹெட்போனை மாட்டிக்கொண்டு, மகள் அழ ஆரம்பிக்கும் முன்பே பெருமூச்சு விட்டார். எகானமியில் பத்துப் பிள்ளை அழும், நம் பிள்ளையும் அழும், யார் என்று தெரியாது. முன்னாடி அழுதால் தனிக் கச்சேரி.

பெரிய பிசகு வேறு இடத்தில் இருந்தது. நான் கொஞ்சம் கண் மூடலாம், இவர் வந்து அரை மணி நேரம் பிள்ளையை வைத்துக்கொள்ளட்டும் என்று நினைத்திருந்தேன். வந்தார். திரையைத் தாண்டிய இரண்டாவது நிமிஷத்தில் பணிப்பெண் சிரித்த முகத்தோடு அவரைத் திருப்பி அனுப்பிவிட்டார். விதி அப்படி, எகானமி ஆள் முன்னாடி வந்து நிற்கக் கூடாது. இறங்கும்போது பார்க்கிறேன், மனிதர் தலை வாரி, முகம் கழுவி, மலர்ந்து நிற்கிறார். பக்கத்தில் இரண்டு சீட்டும் காலியாம். கைப்பிடியைத் தூக்கிவிட்டு நீட்டிப் படுத்துவிட்டாராம். என் தியாகி.

அன்றைக்கு ராத்திரியே எழும்பூரில் நெல்லை எக்ஸ்பிரஸ் ஏறினோம். எனக்கு லோயர் பெர்த். மகளைச் சன்னல் பக்கம் சுவரோடு போட்டு, நான் விளிம்பில் ஒருக்களித்துப் படுத்தேன். தாம்பரம் தாண்டவில்லை, இரண்டு பேருக்கும் நினைவில்லை. மதுரையில் காபி சத்தம் கேட்டுத்தான் கண் விழித்தேன். ஐந்து வயதுக்குக் கீழ் தனி பெர்த் கேட்காவிட்டால் ரயிலில் பிள்ளைக்கு டிக்கெட்டே கிடையாது, அது வேறு.

அந்தப் பெர்த்தில்தான் எனக்கு விஷயம் பிடிபட்டது. பிள்ளைக்கு வேண்டியது மெத்தை இல்லை. ஒரு பக்கம் சுவர், மறுபக்கம் அம்மா, கால் நீட்ட இடம். விமானத்தில் அதற்கு எது கிட்டத்தில் வரும் என்று பார்த்தால், எகானமியில் சன்னலோர மூன்று சீட்டு வரிசை. கைப்பிடி இரண்டையும் தூக்கிவிட்டால் அதுதான் லோயர் பெர்த்.

மூன்றாவது தடவை, மகளுக்கு மூன்று வயதில், அப்படித்தான் போட்டோம். 3-4-3 என்று, சன்னலோரம் மும்மூன்று, நடுவில் நாலு சீட்டு இருக்கும் பெரிய விமானம், நடுவிலிருந்து கொஞ்சம் பின்னால். சன்னலில் மகள், நடுவில் நான், ஓரத்தில் அவர். சாப்பாடு முடிந்து விளக்கை அணைத்ததும் கைப்பிடிகளைத் தூக்கினோம். தலை என் மடியில், இடுப்புக்கு அவள் சீட்டு பெல்ட். கால் சன்னல் பக்கம். அஞ்சு மணி நேரம் தூங்கினாள். எனக்கு முதுகு வலித்தது, இல்லை என்று சொல்லவில்லை. ஆனால் இரண்டு மணி நேரத்துக்கு ஒரு தடவை நானும் அவரும் இடம் மாற்றிக்கொண்டோம். பிசினஸில் கிடைக்காதது அதுதான், கை மாற்ற இன்னொரு ஆள்.

திரும்பி வரும்போது ஒரு கூத்து. விமானத்தை மாற்றிவிட்டார்கள், சன்னலோரம் இரண்டே சீட்டு இருக்கும் 2-4-2 வந்து நின்றது. மூன்று பேரும் மூன்று இடத்தில். மூன்று வயதுப் பிள்ளை தனியாக, முன்பின் தெரியாதவர் பக்கத்தில்! கவுண்டரில் கேட்டால் உள்ளே கேளுங்கள் என்றார்கள், உள்ளே கேட்டால் கவுண்டரில் கேட்டிருக்க வேண்டும் என்றார்கள். கடைசியில் நாகப்பட்டினத்துப் பெரியவர் ஒருவர், "பிள்ளைய வச்சிக்கிட்டு ஏம்மா நிக்கிறே, இந்தா" என்று எழுந்து கொடுத்தார். அதற்குப் பிறகு கிளம்புவதற்கு மூன்று நாள் முன்பிருந்தே தினம் ஒரு தடவை சீட்டு நம்பர் அப்படியே இருக்கிறதா என்று பார்த்துவிடுகிறேன்.

பிரீமியம் எகானமியைப் பற்றிக் கேட்பீர்கள். நான் போனதில்லை, போகவும் மாட்டேன், பிள்ளை சின்னதாக இருக்கும்வரை. சீட்டு அகலம், முன்னால் இடம் அதிகம், எல்லாம் உண்மைதான். ஆனால் பெரும்பாலும் அங்கேயும் தட்டு கைப்பிடிக்குள்தான், தூக்க வராது. தனியாகப் போகிற ஆளுக்கு அருமை. பிள்ளையைப் படுக்கப் போட வழியில்லாமல் கூடுதல் காசு எதற்கு?

காசுக் கணக்கும் சொல்லிவிடுகிறேன். டிசம்பரில் இங்கே பள்ளி விடுமுறை, டிக்கெட் விலை ஏறித்தான் இருக்கும். நான் பார்த்த நாளில் எகானமி போக வர 18,000 ரேண்ட், பிசினஸ் 62,000. பிள்ளைக்கு எகானமியில் தனி சீட்டு 13,500. ஆக மூன்று பேருக்கும் எகானமி 49,500. இரண்டு பேர் பிசினஸ், பிள்ளை மடியில் என்றால், மடிக்கும் பத்தில் ஒரு பங்கு உண்டே, 1,30,200. அந்த மடிக்கான காசு மட்டும் 6,200, படுக்க இடம் இல்லாமலே.

ஜோகன்னஸ்பர்க் தோழிக்கு நான் சொல்ல வேண்டியது இதுதான். பதினாலு மாதம் மகா கஷ்டமான வயது. தொட்டிலில் அடங்க மாட்டான், சொன்னாலும் கேட்க மாட்டான், இப்போதுதான் நடக்கக் கற்றிருப்பான். இரண்டு வயது ஆகவில்லை என்று மடியில் வைத்து மிச்சம் பிடிக்காதே, எகானமியிலேயே அவனுக்குத் தனி சீட்டு வாங்கு. திடீரென்று குலுங்கினால் கையால் பிடித்து நிறுத்த முடியாது. அமெரிக்காவின் விமானப் போக்குவரத்து நிர்வாகமே மடியைவிடத் தனி இருக்கையில், பிள்ளைகளுக்கான பாதுகாப்புச் சீட்டில் கட்டி உட்கார வைப்பதுதான் பாதுகாப்பு என்கிறது. பிள்ளைக்கு ஊரில் இருக்கும்போது இரண்டு வயது முடிகிறது என்றால் இன்னும் கவனம். திரும்பும்போது தனி டிக்கெட் கேட்பார்கள்.

பிசினஸே எடுக்கக் கூடாதா என்றால், எடுக்கலாம். ஆபரேஷன் பிரசவம் ஆகி முதுகு இன்னும் தேறாத தாய் தனியாகப் போகிறாள் என்றால் கண்ணை மூடிக்கொண்டு எடுக்கலாம், அதுவும் எட்டரை மணி நேரத்துக்கு மட்டும். சென்னை வரையிலான நாலு மணி நேரத்துக்கு எகானமி போதும். இப்படிக் கலந்து போட்டுத் தருவார்கள், கேட்க வேண்டும்.

எங்கள் எதிர் வீட்டு ஆன்ட்டி டர்பனில் இந்திய வம்சாவளியினர் நிறைய இருக்கும் சாட்ஸ்வொர்த்தில் பிறந்து வளர்ந்தவர். தமிழில் நாலைந்து வார்த்தைதான் வரும், தைப்பூசத்துக்குக் காவடிப் பாட்டு மட்டும் தப்பில்லாமல் வரும். நான் சீட்டு வரைபடத்தை வைத்துக்கொண்டு மல்லுக்கட்டுவதைப் பார்த்துச் சிரித்தார். அவருடைய பாட்டியின் அம்மா மதராஸில் கப்பல் ஏறியபோது கைப்பிள்ளை இருந்ததாம். 1860 நவம்பர் 16 அன்று ட்ரூரோ கப்பல் டர்பனுக்கு வந்ததிலிருந்து 1911 வரை அப்படி இந்தியாவிலிருந்து ஒப்பந்தக் கூலிகளாக ஒன்றரை லட்சம் பேர். "வாரக் கணக்கா கடல்ல. அவங்களுக்கு ஒரே கிளாஸ்தான், டெக்குக்குக் கீழே" என்றார் இங்கிலீஷில். நான் லேப்டாப்பை மூடிவிட்டு டீ போடப் போனேன். கிளம்புகிற அன்றைக்கு எனக்கு அவர் பட்கோஸ் கட்டித் தருவார். ஆஃப்ரிகான்ஸ் வார்த்தை. நம் கட்டுச்சோறேதான்.

ராத்திரி டிக்கெட் போட்டாயிற்று. மூன்று பேர், எகானமி, இடது பக்கம். மகள் இப்போதே சன்னல் சீட்டு தனக்கு என்று பள்ளியில் எல்லோரிடமும் சொல்லிவிட்டாள். ஓர சீட்டு வீட்டுக்காரருக்கு, கால் நீளம். நடு சீட்டு எனக்கு. நாளைக்கு இட்லிப் பொடி அரைக்க வேண்டும், நல்லெண்ணெய் தடவி எடுத்துப் போனால் இவள் இரண்டு இட்லி கூடத் தின்பாள்.