லீ குடும்பக் கொடிவழி: அழித்துத் திரும்ப வரைந்த வாரம்

அமெரிக்காவின் வர்ஜீனியா மாநிலத்து லீ குடும்பக் கொடிவழியை நான்கு சார்ட் தாள்களை ஒட்டி வரைய ஆரம்பித்து இது மூன்றாவது வாரம். அரசுப் பொறுப்பு வகித்தவர் பெயருக்கு மட்டும் சிவப்பு மை.

1639 வாக்கில் இங்கிலாந்திலிருந்து வந்த ரிச்சர்டு லீ, மகன் இரண்டாம் ரிச்சர்டு, பேரன் தாமஸ் என்று மேல்பகுதி சீக்கிரம் முடிந்தது. ஸ்ட்ராட்போர்டு மாளிகையைக் கட்டியவர் தாமஸ்தான். அவர் பிள்ளைகள் வரிசைக்கு வந்தபோது சிவப்புப் பேனாவைக் கீழே வைக்க முடியவில்லை. ரிச்சர்டு ஹென்றி, 1776 ஜூன் 7 அன்று பிரிட்டனிடமிருந்து அமெரிக்கக் குடியேற்றங்களின் விடுதலையைக் கோரும் தீர்மானத்தைக் கொண்டுவந்தவர். அவரும் தம்பி பிரான்சிஸ் லைட்ஃபூட்டும் சுதந்திரப் பிரகடனத்தில் கையெழுத்திட்டார்கள். அண்ணன் தம்பியாகக் கையெழுத்திட்டவர்கள் இவர்கள் மட்டுமே. இன்னொரு தம்பி ஆர்தர், பிரான்சில் பெஞ்சமின் பிராங்க்ளினோடு தூதுப் பணியில் இருந்தார்.

அப்புறம்தான் தவறு செய்தேன். அமெரிக்க உள்நாட்டுப் போரில் தென்மாநிலங்களின் தளபதியான ராபர்ட் இ. லீ 1807இல் பிறந்தது ஸ்ட்ராட்போர்டில். அதே வீடு என்பதால் அவரைத் தாமஸின் வழியில் எழுதிவிட்டேன். சரிபார்த்தால், அவர் அப்பா ஹென்றி லீ, தாமஸின் தம்பியுடைய பேரன். 1791 முதல் 1794 வரை வர்ஜீனியா ஆளுநர். அதாவது பங்காளி வீடு. இந்த ஹென்றி 1782இல் மணந்த மெட்டில்டா, தாமஸின் மூத்த மகன் பிலிப்பின் மகள். நம் கணக்கில் அண்ணன் தங்கை முறை! அங்கே அது தடையில்லை. அந்தத் திருமணத்தால்தான் ஹென்றி ஸ்ட்ராட்போர்டுக்கு வந்தார். மெட்டில்டா 1790இல் இறந்தபின் ஆன் கார்ட்டரை மணந்தார். அவர்கள் மகன்தான் ராபர்ட். ஒரு பக்கம் முழுக்க அழித்துத் திரும்ப வரைந்தேன்.

தாமஸின் மகள் ஹன்னாவுக்கு எந்தப் பதவியும் இல்லை. ஆனால் விதவைகளிடம் வரி வாங்கிக்கொண்டு வாக்குரிமை தராதது ஏன் என்று ரிச்சர்டு ஹென்றிக்கே எழுதிக் கேட்டவர். அந்தக் கடிதம் இன்று இல்லை. 1778இல் தம்பி ரிச்சர்டு ஹென்றி எழுதிய பதில் இருக்கிறது. ஹன்னா பெயரையும் சிவப்பில் எழுதினேன்.

இத்தனை பேரும் பொதுவாழ்வில் நிற்கப் பணம் தந்தது புகையிலைத் தோட்டம். அங்கே அடிமைகளாக உழைத்தவர்களுக்கு என் தாளில் இன்னும் இடமில்லை. அவர்கள் பெயரைத் தேட உயில்களையும் சொத்துப் பட்டியல்களையும் படிக்க வேண்டும். ஐந்தாவது தாளை ஒட்டி வைத்திருக்கிறேன்.