சென்னையிலிருந்து கோவளம் வரை பாய்ப்படகில்: எது, எங்கே, ஏன் மக்கர் செய்யும்

சென்னைத் துறைமுகத்திலிருந்து கோவளம் ஏறத்தாழ 18 கடல் மைல். 22 அடிப் பாய்ப்படகு, பின்னால் வெளியே மாட்டிய 6 ஹெச்பி அவுட்போர்டு இன்ஜின் என்று வைத்துக்கொள்வோம். மணிக்கு நாலரை மைல் ஓடினால் போக நாலு மணி நேரம், வர நாலு. பிப்ரவரி, மார்ச்சில் விடியற்காலையில் கரைக்காற்று மேற்கிலிருந்து மெல்ல வீசும். அதைப் பக்கவாட்டில் வாங்கித் தெற்கே இறங்கலாம். நண்பகலை ஒட்டிக் கிழக்கிலிருந்தும் தென்கிழக்கிலிருந்தும் கடற்காற்று எழும்பும். அதில் வடக்கே திரும்பலாம். இந்த மாதங்களில் நீவாடு, அதாவது கடல் நீரோட்டம், பெரும்பாலும் வடக்கு நோக்கி ஓடுவதால், போகும்போது கொஞ்சம் இழுக்கும், வரும்போது தள்ளிக் கொடுக்கும்.

நடுவில் இப்படிப்பட்ட படகு ஒதுங்க ஒரு துறைமுகம் கிடையாது. கடற்காற்றோ கரையைப் பார்த்துத்தான் அடிக்கும். இன்ஜின் நின்ற படகைச் சும்மா விட்டால் அது அலை உடையும் இடத்துக்குத்தான் போய்ச் சேரும். ஆகவே முதல் வேலை பாயை ஏற்றுவது. காற்றே இல்லையென்றால் நங்கூரம் போடுவது. இன்ஜின் மூடியில் கை வைப்பது அதற்குப் பிறகுதான். நங்கூரக் கயிறு ஆழத்தைப் போல் ஐந்து மடங்காவது வேண்டும். 10 மீட்டர் ஆழத்தில் 50 மீட்டர். நுனியில் 5 மீட்டர் சங்கிலி இல்லாவிட்டால் நங்கூரம் மணலில் படுக்காமல் துள்ளும்.

பாயேற்றும் கயிறு சிக்குவதும் அந்த நேரத்தில்தான். இன்ஜினில் ஓடும்போது கயிறு தளர்ந்து கிடக்கும். படகு உருளும்போது பாய்மர உச்சியிலுள்ள கப்பியிலிருந்து நழுவி, கப்பிக்கும் பக்கத் தகட்டுக்கும் இடையில் இறுகிவிடும். கடலில் பாய்மரம் ஏறி அதை எடுக்க முடியாது. துறைமுக வாயைத் தாண்டும் முன்பே, அமைதியான தண்ணீரில், பெரிய பாயை ஒருமுறை உச்சிவரை ஏற்றிப் பாருங்கள். இறக்கிய பின் கயிற்றை இறுக்கிக் கட்டி வையுங்கள். பாய் ஓடும் தடத்தில் கிரீஸ் தடவாதீர்கள், மணலும் உப்பும் அதில் ஒட்டிக்கொள்ளும், மெழுகு போதும். பாய்மரத்தைத் தாங்கும் கம்பிகளின் ஸ்பிளிட் பின் ஒவ்வொன்றையும் விரலால் தொட்டுப் பார்த்து, மேலே டேப் சுற்றுங்கள்.

இனி அவுட்போர்டு. இன்ஜினைக் குளிர்வித்துவிட்டுப் பின்புறம் பீய்ச்சும் சிறு நீர்த்தாரையின் மேல் எப்போதும் ஒரு கண் இருக்கட்டும். அது நின்றால் உடனே இன்ஜினை அணைக்க வேண்டும். இந்தக் கரையில் முதலில் சந்தேகப்பட வேண்டியது பிளாஸ்டிக் பை: நீர் உறிஞ்சும் வாயில் அப்பிக்கொள்ளும். இன்ஜினைத் தூக்கினால் தெரிந்துவிடும். பை இல்லையென்றால் தாரை வரும் துளையில் மணலோ உப்போ அடைத்திருக்கலாம். மெல்லிய கம்பியை விட்டுக் குத்தினால் திறக்கும். அதற்கும் மசியாவிட்டால், அந்த நீரை ஏற்றும் பம்பின் ரப்பர் சக்கரமான இம்பெல்லர் தேய்ந்திருக்கிறது. தண்ணீரில்லாமல் சில வினாடி ஓட்டினாலே அந்த ரப்பர் இறக்கைகள் கருகும். ஆடும் படகில் கீழ்ப்பகுதியைக் கழற்றி இம்பெல்லர் மாற்றப் பார்க்காதீர்கள், இம்பெல்லரைத் தண்டோடு பிணைக்கும் சிறு சாவி கடலுக்குள் விழும். வருடத்துக்கு ஒருமுறை கரையிலேயே மாற்றிவிடுவதுதான் சரி.

தாரை நன்றாக வந்தும் இன்ஜின் சில நிமிடம் ஓடி அடங்கினால், கோளாறு பெட்ரோலில். குழாயின் நடுவிலுள்ள ரப்பர் பல்பு எல்லாம் சொல்லும். அது ஒட்டிச் சப்பையாகிக் கிடந்தால் டாங்க் மூடியின் காற்றுத் திருகைத் திறக்க மறந்திருக்கிறீர்கள். எவ்வளவு அமுக்கியும் கெட்டிப்படாவிட்டால் இணைப்பில் எங்கோ காற்று புகுகிறது. இரண்டும் இல்லாமல் திணறினால், பெட்ரோலில் தண்ணீர். இப்போது பங்க்கில் கிடைக்கும் இ20 பெட்ரோலில் 20 சதவீதம் எத்தனால். அது ஈரத்தை இழுக்கும். அளவு மீறினால் தண்ணீரும் எத்தனாலும் சேர்ந்து பிரிந்து அடியில் தங்கும். குழாய் உறிஞ்சுவதும் அடியிலிருந்துதானே! கடற்கரைக் காற்றில் மாதக்கணக்கில் கிடந்த பெட்ரோலை நம்பவே கூடாது. புறப்படும் நாளில் புதிதாக 12 லிட்டர் வாங்குங்கள்; நிதானமாக ஓட்டினால் மணிக்கு ஏறத்தாழ ஒன்றரை லிட்டர்தான் ஆகும். தண்ணீர் பிரிக்கும் ஃபில்டர் ஒன்றை நடுவில் பொருத்துங்கள்.

வலை தனிக் கவலை. தெர்மாகோல் மிதவையும் கொடியும் கட்டிய வலைகள் வழியெங்கும் இருக்கும். வெயில் கண்ணில் அடித்தால் தெரியாது. இன்ஜினின் விசிறியில் (புரொப்பெல்லரில்) வலை சிக்கினால் இன்ஜினை அணைத்து, அது தவறிக் கிளம்பாதபடி கில் சுவிட்ச் கயிற்றை உருவி, பிறகு தூக்குங்கள். ரிவர்ஸ் போட்டால் இன்னும் இறுகும். முடிந்தவரை அவிழ்க்கப் பாருங்கள். அந்த வலை ஒரு குடும்பத்தின் பிழைப்பு. அறுத்தே ஆகவேண்டுமென்றால் விசிறியில் சுற்றிய துண்டை மட்டும் அறுங்கள், மிதவைக் கயிற்றை விட்டுவிடுங்கள். திரும்பிய பின் விசிறியைக் கழற்றி உள்ளே பாருங்கள். வலையின் மெல்லிய நரம்பு விசிறித் தண்டைச் சுற்றி உள்ளே போய் ஆயில் சீலை அறுக்கும். கியர் ஆயில் பால் கலந்த மாதிரி வெளுத்திருந்தால் தண்ணீர் புகுந்துவிட்டது. சீல் மாற்றாமல் அடுத்த முறை எடுக்காதீர்கள்.

உறையில் போட்ட செல்போனோடு கையடக்க விஹெச்எஃப் ரேடியோ ஒன்றும் வேண்டும். பாய்மர உச்சி ஆன்டெனா இணைப்பு உப்பில் பச்சை பிடித்து, தேவைப்படும் அன்றைக்குப் பேசாது. அவசரத்துக்கு சேனல் 16, கடலோரக் காவல்படைக்கு 1554.

கரை சேர்ந்ததும் பத்து நிமிடம் நல்ல தண்ணீரில் இன்ஜினை ஓட்டி, பெட்ரோல் குழாயைப் பிடுங்கிவிட்டு, கார்புரேட்டர் காலியாகித் தானாக நிற்கும்வரை விடுங்கள்.