ஹினாவின் துணி காயவில்லை

ஆனி, ஆடியில் இலங்கை மலையகத்து மஸ்கெலியாப் பக்கம் ஒரு கம்பளி காய எத்தனை நாள் ஆகும் என்று லயத்தில், அதாவது தோட்டத் தொழிலாளரின் வரிசை வீடுகளில், யாரைக் கேட்டாலும் சொல்வார்கள். இஸ்தோப்புக் (முன் திண்ணை) கொடியில் தொங்கிப் பார்த்துவிட்டு அடுப்புக்கு மேலே போகும். கடைசியில் புகைவாடையோடுதான் உடம்பில் ஏறும். சூரியனையே கயிற்றில் பிடித்த மாவுயி என்னும் வீரனின் ஹவாய்த் தீவுக் கதையை நம் பிள்ளைகளுக்குச் சொல்ல இதைவிட நல்ல தொடக்கம் இல்லை. அந்தக் கதையும் காயாத துணியில்தான் தொடங்குகிறது.

மாவுயியின் தாய் ஹினா, 'கப்பா' என்னும் மரப்பட்டைத் துணி செய்பவள். சூரியன் ஓடிவிடுவதால், விரித்த துணி காய்வதற்குள் பொழுது சாய்ந்துவிடுகிறது. மகன் கயிற்றோடு ஹலேயாகலா மலைக்கு ஏறி, சூரியனின் கால்களைச் சுருக்கில் மாட்டுகிறான். சூரியன் கெஞ்சி, பாதி வருடம் மெதுவாகப் போகிறேன் என்று ஒப்புக்கொள்கிறது. அந்த மலை 3,055 மீட்டர், இலங்கையிலேயே உயரமான நம் பீதுருதாலகாலை மலையை விட 531 மீட்டர் உயரம்.

பலர் துணியை விட்டுவிட்டுக் கயிற்றை மட்டும் சொல்கிறார்கள். அப்போது ஹினாவின் கவலை புரியாது, கதை வெறும் சண்டையாகிவிடும். அவள் படும் பாட்டைக் கொஞ்சம் விரித்துச் சொல்லுங்கள். கப்பாவுக்குப் பட்டை தரும் காகித மல்பெரிச் செடி வளரும்போதே பக்கத் துளிர்களைக் கிள்ள வேண்டும். விட்டால் ஒவ்வொரு கணுவும் துணியில் ஓட்டையாகும். தண்டை இளசாக வெட்டி, பட்டையை நீளமாக உரித்து, மேல்தோலைச் சிப்பியால் சுரண்டி எடுத்து, உள்நாரை ஊறவைப்பார்கள். முதலில் கல்லின் மேல் உருண்டைத் தடியால் அடி. மறுபடி ஊறல். பிறகு மரக்கட்டையின் மேல், வரி வெட்டிய நாலுபக்கத் தடியால் அடி. நார் அகன்றுகொண்டே போகும். அடிக்கும்போது ஈரம் குறைந்தால் கிழியும். முடிந்ததும் விளிம்புகளில் கல் வைத்து வெயிலில் விரிப்பார்கள். ஈரத்தோடு சுருட்டினால் பூஞ்சணம் பிடிக்கும். இத்தனை பாடும் ஒரு வெயிலை நம்பித்தான்.

நியூசிலாந்தின் பூர்வகுடிகளான மாவோரிகளின் கதையை இதோடு கலக்கக் கூடாது. அங்கே துணி இல்லை. வேலைக்குப் பகல் போதவில்லை என்பதுதான் குறை. மாவுயியும் அண்ணன்மாரும் ஹரகேகே என்னும் செடியின் நாரில் தட்டையாகவும் சதுரமாகவும் உருண்டையாகவும் கயிறு பின்னுகிறார்கள். பாட்டி முரிரங்காஃபெனுவாவின் தாடை எலும்பால் அடிவாங்கிய சூரியன், அன்றிலிருந்து நொண்டித்தான் நடக்கிறது.

"பாதி வருடம் என்றால் என்ன?" என்று பிள்ளைகள் கேட்பார்கள். கேள்வி நியாயமானது. பாதி வருடம் பகல் நீளும் என்பதுதான் அர்த்தம், ஆனால் நம் பக்கம் அது கண்ணில் படாது. மலையகத்தில் மிக நீண்ட பகலுக்கும் மிகக் குறுகிய பகலுக்கும் ஒரு மணி நேரம்கூட வித்தியாசமில்லை. ஹவாயில் ஏறக்குறைய இரண்டரை மணி, ஆக்லாந்தில் ஐந்து மணி. நம் கம்பளியைக் காயவிடாதது மூடுபனி. சூரியனைக் கட்டிப் போட்டாலும் அது போகாது.

ஹவாய்க் கதையின் ஒரு வடிவத்தில், மலையில் கண் தெரியாத பாட்டி ஒருத்தி சூரியனுக்கு வாழைப்பழம் சுட்டு வைக்கிறாள். மாவுயி அதைத் திருடுகிறான். அவனை முகர்ந்து பார்த்துத் தன் பேரன்தான் என்று கண்டுபிடித்து, அவளே உதவுகிறாள். இந்த இடத்தை மட்டும் அவசரப்படாமல் சொல்லுங்கள். அவள் இருக்கும் இடத்துக்கு அடையாளம் ஒரு விலிவிலி மரம். தேயிலைக்கு நடுவே நிழலுக்கு நட்டு, கிளையை வெட்டித் தழையை மண்ணுக்கே போடுகிறோமே, அந்த முள்முருக்கின் இனம்தான் அது.