8013-ஆம் போர்ட்டில் காத்திருந்த சர்வர்

எந்தக் கணினியில் எந்த மென்பொருள் இருக்கலாம், எந்த லேப்டாப்பை நெட்வொர்க்கிற்குள் அனுமதிக்கலாம் என்பதையெல்லாம் ஒரே கன்சோலிலிருந்து தீர்மானிக்கும் சர்வர்களைப் பராமரிப்பதுதான் என் அன்றாட வேலை. அந்த வகையைச் சேர்ந்த ஃபோர்டினெட் நிறுவனத்தின் ஃபோர்டிகிளையன்ட் இஎம்எஸ் மென்பொருளில் 2024 மார்ச் மாதம் வெளிப்பட்ட பாதுகாப்புக் குறைபாடு இன்றும் என் மனத்தை விட்டு அகலவில்லை. பாதுகாப்புக் குறைபாடுகளை அடையாளம் காண வழங்கப்படும் சிவிஇ வரிசையில், சிவிஇ-2023-48788 என்பது அதன் எண். தீவிரத்தன்மையில் 10-க்கு 9.3 என்று நிறுவனமே மதிப்பிட்ட அந்தக் குறைபாட்டைப் பயன்படுத்த, தாக்குபவருக்குப் பயனர் பெயரோ கடவுச்சொல்லோ தேவையில்லை. தொலைவில் இருந்தபடியே விண்டோஸின் மிக உயர்ந்த சிஸ்டம் உரிமையோடு தான் விரும்பும் கட்டளைகளை இயக்கிவிடலாம்.

ஒவ்வொரு லேப்டாப்பிலும் நிறுவப்பட்டிருக்கும் ஏஜென்ட் என்ற சிறு மென்பொருள், 8013-ஆம் போர்ட் என்ற எண்ணிட்ட நெட்வொர்க் வாயில் வழியாகச் சர்வரைத் தொடர்புகொண்டு, தான் யார், தன் நிலை என்ன என்பதைத் தெரிவித்துக்கொண்டே இருக்கும். அந்தச் செய்தியில் எஃப்சிடியுஐடி என்றொரு அடையாளக் குறியீடு உண்டு. சர்வருக்குள் தரவுத்தளத்தோடு பேசும் டிஏஎஸ் என்ற பகுதிக்கு அந்தக் குறியீடு போய்ச் சேரும்போது, அதில் என்ன எழுத்துகள் இருக்கின்றன என்று பார்க்காமலேயே, தரவுத்தளத்திற்குக் கட்டளையிடும் எஸ்க்யூஎல் மொழி வாக்கியத்திற்குள் அது அப்படியே ஒட்டப்பட்டது. வெளி நெட்வொர்க்கிலிருந்து முற்றிலும் பிரித்து வைத்த சோதனைக் கணினி ஒன்றில், பேட்ச், அதாவது குறைபாட்டைச் சரிசெய்யும் திருத்தம், போடாத பதிப்பை நிறுவி இதை நானே சோதித்துப் பார்த்தேன். குறியீட்டின் இறுதியில் ஒற்றை மேற்கோள் குறியைச் சேர்த்து, அதற்குப் பின் தரவுத்தளத்தைப் பத்து விநாடி காத்திருக்கச் சொல்லும் கட்டளையை எழுதி அனுப்பினேன். வழக்கமாக உடனே வந்துவிடும் பதில், சரியாகப் பத்து விநாடி கழித்து வந்தது. யாரென்றே தெரியாத ஒருவர் சொன்னதற்குத் தரவுத்தளம் கீழ்ப்படிந்துவிட்டது என்பதற்கு அதைவிடத் தெளிவான சான்று வேண்டியதில்லை.

அதற்கு மேல் செல்வதற்கும் அதிக முயற்சி தேவைப்படவில்லை. மைக்ரோசாஃப்ட் எஸ்க்யூஎல் சர்வரில், தரவுத்தளத்திலிருந்தே விண்டோஸ் கட்டளைகளை இயக்கும் எக்ஸ்பி_சிஎம்டிஷெல் என்ற வசதி இயல்பாக அணைத்து வைக்கப்பட்டிருந்தாலும், போதிய உரிமையுள்ள கணக்கால் சில வரிகளிலேயே அதை இயக்கிவிட முடியும். இந்த மென்பொருள் பயன்படுத்திய கணக்கிற்கு அந்த உரிமை இருந்தது. இப்படி உள்ளீட்டின் வழியாகவே கட்டளையை நுழைக்கும் எஸ்க்யூஎல் ஊடுருவலைப் பற்றி 1998-இலேயே எழுதப்பட்டுவிட்டது. உள்ளீட்டை வாக்கியத்தோடு ஒட்டாமல் தனி அளவுருவாக அனுப்ப வேண்டும் என்ற பாடம் கல்லூரி மாணவர்களுக்கே சொல்லித்தரப்படுகிறது. பாதுகாப்பையே விற்பனை செய்யும் மென்பொருளில் அந்தப் பாடம் தவறிப்போனதை என்னால் எளிதாக எடுத்துக்கொள்ள முடியவில்லை.

இத்தகைய சர்வரை இணையத்தில் திறந்து வைத்திருக்கவே கூடாது என்று பலரும் அறிவுரை சொன்னார்கள். வீட்டிலிருந்து வேலை செய்பவரின் லேப்டாப்பும் இந்தச் சர்வரோடு பேசியாக வேண்டும் என்பதால்தான் நிர்வாகிகள் அந்தப் போர்ட்டைத் திறந்து வைத்தார்கள். அவர்களைக் குறை சொல்வது நியாயமில்லை என்பதே என் கருத்து.

நிறுவனத்தின் சொந்த மேம்பாட்டுக் குழுவும் பிரிட்டனின் தேசிய சைபர் பாதுகாப்பு மையமும் கண்டறிந்த இந்தக் குறைபாடு பற்றிய அறிவிப்பு, 2024 மார்ச் 12 அன்று வெளியானது. 7.0.1 முதல் 7.0.10 வரையும், 7.2.0 முதல் 7.2.2 வரையும் உள்ள பதிப்புகள் பாதிக்கப்பட்டிருந்தன, 7.0.11, 7.2.3 ஆகியவற்றில் அது சரிசெய்யப்பட்டது. ஒன்பதே நாட்களில், மார்ச் 21 அன்று, ஹொரைசன்3 என்ற பாதுகாப்பு நிறுவனத்தின் ஆய்வாளர்கள் தாக்குதல் நடக்கும் விதத்தை விரிவாக வெளியிட்டார்கள். மார்ச் 25 அன்று அமெரிக்க அரசின் சைபர் பாதுகாப்பு அமைப்பான சிசா, தாக்குதலில் பயன்படுத்தப்படும் குறைபாடுகளின் பட்டியலில் இதைச் சேர்த்தது. மாற்றத்திற்கான ஒப்புதலைப் பெற்று, ஆட்கள் குறைவாக இருக்கும் வார இறுதி இரவுக்காகக் காத்திருந்து பேட்ச் போடும் அலுவலகத்திற்கு ஒன்பது நாட்கள் எவ்வளவு குறைவு என்பது இந்த வேலையைச் செய்பவர்களுக்குத் தெரியும். ஓராண்டு கழித்து, 2025 மார்ச்சில் கோப்புகளைப் பூட்டிவைத்துப் பணம் பறிக்கும் மெடூசா என்ற ரான்சம்வேர் கும்பலைப் பற்றி எஃப்பிஐயும் சிசாவும் இணைந்து வெளியிட்ட எச்சரிக்கையிலும், அந்தக் கும்பல் நுழையப் பயன்படுத்திய வழிகளில் ஒன்றாக இதே எண் இடம்பெற்றிருந்தது.

பேட்ச் போட்டுவிட்டோம் என்று நிம்மதி அடைபவர்களிடம் நான் வற்புறுத்திக் கேட்டுக்கொள்வது ஒன்று உண்டு. பேட்ச் வழியை அடைக்குமே தவிர, அதற்கு முன்பே உள்ளே வந்தவரை வெளியேற்றாது. எக்ஸ்பி_சிஎம்டிஷெல் வசதியை யாராவது இயக்கியிருந்தால், அதன் மதிப்பு 0-இலிருந்து 1-ஆக மாறியது என்ற ஒரு வரி எஸ்க்யூஎல் சர்வரின் பிழைப் பதிவேட்டில், நாள், நேரத்தோடு பதிவாகியிருக்கும். அந்தச் சேவை மீண்டும் தொடங்கும் ஒவ்வொரு முறையும் புதிய பதிவேடு உருவாவதாலும், இயல்பு அமைப்பில் பழைய பதிவேடுகள் ஆறு மட்டுமே வைத்துக்கொள்ளப்படுவதாலும், பேட்ச் போடுவதற்கு முன்பே அவை அனைத்தையும் வேறொரு கணினிக்கு நகலெடுத்து வைத்துவிட வேண்டும்.