வேடிக்கை பார்த்து வருவதல்ல செவிலியப் படிப்பு

செவிலியர் கல்லூரியில் பாடம் நடத்துகிற எனக்கு, கல்வியாண்டு பாதியைக் கடந்ததும் ஒரு கேள்வி தவறாமல் வந்துவிடும். வெளிநாட்டுப் பயிற்சி பற்றிய விளம்பரத் தாளைக் கையில் வைத்துக்கொண்டு, “மேடம், இதற்குப் போகலாமா?” என்று மாணவிகள் கேட்பார்கள். எந்த நாடு, எவ்வளவு செலவு, எத்தனை வாரம் என்பதையெல்லாம் விசாரிப்பதற்கு முன் நான் கேட்பது ஒன்றுதான்: அங்கே நோயாளியைத் தொட விடுவார்களா?

இந்தக் கேள்விக்குப் பெரும்பாலான விளம்பரங்களில் பதில் இருப்பதில்லை. ‘பார்வையாளர் பயிற்சி’ என்ற பெயரில் நடப்பவற்றில் மாணவி ஓர் அடையாள அட்டையை மாட்டிக்கொண்டு, பளபளக்கும் தீவிர சிகிச்சைப் பிரிவைச் சுற்றிப் பார்த்து, கருவிகளின் பெயர்களைக் குறித்துக்கொண்டு, குழுப்படம் எடுத்துச் சான்றிதழுடன் திரும்புகிறாள். அதில் தீங்கு எதுவும் இல்லை. ஆனால் அதைச் செவிலியக் கல்வி என்று சொல்ல எனக்கு மனம் வரவில்லை. இயந்திரங்களைப் பார்ப்பதற்கு ஒரு காணொளி போதும். பிற நாட்டுச் செவிலியர்கள் எப்படி யோசிக்கிறார்கள், எதைக் கண்டால் பதறுகிறார்கள், எதை அசட்டை செய்ய மறுக்கிறார்கள் என்பது, அவர்களோடு ஒரே படுக்கையின் இரு பக்கமும் நின்று ஒரு நோயாளியைப் புரட்டிப் படுக்கவைக்கும்போதுதான் தெரியவரும்.

நவீன செவிலியக் கல்வியின் தொடக்கமே இப்படிப்பட்ட ஒரு வெளிநாட்டுப் பயிற்சிதான் என்பதை மாணவிகளுக்கு நான் அடிக்கடி நினைவூட்டுவேன். ஃபிளாரன்ஸ் நைட்டிங்கேல் 1851-இல் ஜெர்மனியின் கைசர்ஸ்வெர்த் என்ற ஊரில், தியோடர் ஃபிளீட்னர் என்ற பாதிரியார் நடத்திவந்த, நோயாளிகளைக் கவனிக்கும் சமயப் பணிப்பெண்களின் நிறுவனத்தில் சுமார் மூன்று மாதம் தங்கி வேலை செய்தார். அங்கே செவிலியம் என்று சொல்லும்படி எதுவும் இல்லை, சுகாதாரமும் படுமோசம் என்று பிற்காலத்தில் அவரே எழுதியிருக்கிறார். ஆனால் அங்கிருந்த பெண்களின் ஒழுங்கையும் அர்ப்பணிப்பையும் உயர்வாகவே மதிப்பிட்டார். லண்டன் செயின்ட் தாமஸ் மருத்துவமனையில் 1860-இல் அவர் பெயரால் பயிற்சிப் பள்ளி தொடங்கியபோது, அதற்குப் பின்னால் இருந்த அனுபவங்களில் அந்த மூன்று மாதமும் ஒன்று. ஆக, கற்கப் போகிற இடம் நம்முடையதைவிட உயர்ந்ததாக இருக்க வேண்டும் என்ற கட்டாயம் எப்போதும் இருந்ததில்லை.

அமெரிக்காவின் முதல் பயிற்சி பெற்ற செவிலியர் என்று அறியப்படும் லிண்டா ரிச்சர்ட்ஸின் கதை இன்னும் சுவையானது. 1873-இல் அவர் பயிற்சி முடித்த பாஸ்டன் மருத்துவமனையில், மருந்தின் பெயர் செவிலியருக்குத் தெரிந்துவிடக் கூடாது என்பதற்காகப் புட்டிகளில் பெயருக்குப் பதில் எண்களை ஒட்டியிருந்தார்களாம். என்ன கொடுக்கிறோம் என்றே தெரியாமல் கொடுக்கப் பழகிய அவர், 1877-இல் கடல் கடந்து பிரிட்டனுக்குப் போய் லண்டனிலும் எடின்பரோவிலும் மருத்துவமனைகளில் பயின்றார். பிறகு ஜப்பானுக்குச் சென்று, கியோட்டோவில் செவிலியர் பயிற்சிப் பள்ளியை உருவாக்கும் பணியில் ஈடுபட்டார். ஒருவர் மூன்று நாடுகளின் வார்டுகளில் வேலை செய்ததன் பயன், அந்த மூன்று நாடுகளையும் பிணைத்தது.

அது அந்தக் காலம். இப்போதுதான் சிமுலேஷன் கூடங்கள் வந்துவிட்டனவே, மூச்சு விடுகிற, இருமுகிற, நாடித் துடிப்பு மாறுகிற பொம்மைகளை வைத்து உள்ளூரிலேயே எல்லாவற்றையும் பழகிவிடலாமே என்று சக ஆசிரியர்கள் சிலர் கேட்கிறார்கள். கேள்வி நியாயமானதே. அமெரிக்காவில் பத்து செவிலியக் கல்வி நிறுவனங்களில் நடத்தப்பட்டு 2014-இல் வெளியான ஒரு பெரிய ஆய்வு, தேர்ந்த ஆசிரியர்களும், பயிற்சி முடிந்ததும் நடந்ததை அலசும் முறையான பின்னுரையாடலும் இருந்தால், மருத்துவமனைப் பயிற்சி நேரத்தில் பாதி வரை சிமுலேஷனால் ஈடுசெய்தாலும் மாணவர்களின் அறிவிலோ தேர்ச்சியிலோ குறைவு ஏற்படவில்லை என்று காட்டியது. ஊசி போடவும் கத்தீட்டர் எனும் சிறுநீர்க் குழாய் பொருத்தவும் கற்பதற்காக விமானம் ஏற வேண்டியதில்லை என்பதே என் முடிவும். கைத்திறனை உள்ளூரில் கற்றுக்கொள்ளலாம். கைத்திறனோடு ஒட்டிக்கொண்டு வருகிற பழக்கங்களை, அவை பழக்கங்கள்தான் என்று கண்டுகொள்வது மட்டும் உள்ளூரில் கடினம். ஏனென்றால் அங்கே எல்லோருக்கும் அதே பழக்கம்.

நான் சொல்ல வருவது எது என்பதற்கு ஒரே ஓர் எடுத்துக்காட்டுத் தருகிறேன். மேற்படிப்பின்போது பிரிட்டனில் ஒரு மருத்துவமனையின் அறுவை சிகிச்சை வார்டில் எனக்குப் பயிற்சி கிடைத்தது. அங்கே ‘நியூஸ்’ (NEWS) என்று சுருக்கமாக அழைக்கப்படும், நோயாளியின் நிலை மோசமாவதை முன்கூட்டியே காட்டும் முன்னெச்சரிக்கை மதிப்பெண் முறை நடைமுறையில் இருந்தது. லண்டனின் ராயல் காலேஜ் ஆஃப் பிசிஷியன்ஸ் என்ற மருத்துவர் அமைப்பு 2012-இல் வெளியிட்டு 2017-இல் திருத்திய முறை அது. சுவாச வேகம், ரத்தத்தின் ஆக்சிஜன் அளவு, வெளியிலிருந்து ஆக்சிஜன் தரப்படுகிறதா என்பது, ரத்த அழுத்தம், நாடித் துடிப்பு, நினைவு நிலை, உடல் வெப்பம் ஆகிய ஒவ்வொன்றுக்கும் இயல்பிலிருந்து விலகிய அளவுக்கு ஏற்ப மதிப்பெண் தந்து கூட்டுவார்கள். கூட்டுத்தொகை 5-ஐத் தொட்டால் மருத்துவரை உடனடியாக அழைக்க வேண்டும். 7-ஐத் தொட்டால் அவசரக் குழுவே வர வேண்டும்.

வயிற்றில் அறுவை சிகிச்சை முடிந்த ஒரு முதியவரின் வைட்டல்ஸை, அதாவது நாடி, வெப்பம் போன்ற இந்த அளவுகளை, நான் எடுத்துக்கொண்டிருந்தேன். நாடி 112, வெப்பம் 38.4 டிகிரி செல்சியஸ், ஆக்சிஜன் 95 விழுக்காடு, ரத்த அழுத்தத்தின் மேல் அளவு 118, நினைவு தெளிவு, ஆக்சிஜன் முகமூடி இல்லை. இவற்றுக்கு முறையே 2, 1, 1, பிறகு மூன்று சுழியம், ஆக 4. மீதி இருந்தது சுவாச வேகம் மட்டுமே. உலகத்தில் பல வார்டுகளின் பதிவேட்டைப் புரட்டினால் சுவாச வேகத்துக்கு நேரே 18 அல்லது 20 என்ற எண் வரிசையாக இறங்குவதைப் பார்க்கலாம். பலரும் எண்ணுவதில்லை என்பது எல்லோருக்கும் தெரிந்த ரகசியம். எனக்குக் கண்காணிப்பாளராக இருந்த செவிலியர் என் பக்கத்தில் வந்து நின்று, நோயாளியின் மணிக்கட்டை நாடி பார்ப்பவர் போல் பிடித்துக்கொண்டார். எண்ணுகிறோம் என்று தெரிந்தால் மூச்சின் வேகம் மாறிவிடும் என்பதால் அப்படி. கைக்கடிகாரத்தில் ஒரு முழு நிமிடம் அவரும் எண்ணினார், என்னையும் எண்ணச் சொன்னார். இருவருக்கும் 24 வந்தது. 20 என்று எழுதியிருந்தால் கூடுதல் மதிப்பெண் ஏதும் இல்லை. மொத்தம் 4, நான்கு முதல் ஆறு மணி நேரத்துக்கு ஒருமுறை பார்த்தால் போதும். 24 என்றால் கூடுதலாக 2, மொத்தம் 6. மருத்துவரை அழைத்தாக வேண்டும், மணிக்கு ஒருமுறை பார்த்தாக வேண்டும். அழைத்தார்கள், வந்தார், ரத்தம் பரிசோதனைக்குப் போனது, கிருமித் தொற்றுக்கான சிகிச்சை அன்றைக்கே தொடங்கியது.

சுவாச வேகத்தை ஒரு நிமிடம் எண்ண வேண்டும் என்பது நான் முதலாம் ஆண்டிலேயே படித்ததுதான். தேர்வில் எழுதி மதிப்பெண்ணும் வாங்கியதுதான். அந்த வார்டில் புதிதாக இருந்தது அறிவு அல்ல, எண்ணாமல் எழுத முடியாத ஒரு சூழல். எண்ணுக்கு ஒரு விளைவு உண்டு, அந்த விளைவுக்கு ஓர் ஆள் பொறுப்பு, அந்த ஆள் அழைத்தால் எரிந்து விழாமல் வருகிற மருத்துவர் இருக்கிறார் என்ற சங்கிலி முழுமையாக இருந்தது. நின்று பார்த்துக்கொண்டிருந்தால் இது எனக்குப் பிடிபட்டிருக்காது. என் கையெழுத்து அந்தத் தாளில் விழப்போகிறது என்றபோதுதான் பிடிபட்டது.

மாணவரை வார்டில் எந்த இடத்தில் வைக்கிறார்கள் என்பதும் அங்கே எனக்குப் பாடமாக இருந்தது. ஐரோப்பிய ஒன்றியத்தின் 2005-ஆம் ஆண்டு நெறிமுறைப்படி பொதுச் செவிலியர் பயிற்சி குறைந்தது மூன்று ஆண்டும் 4,600 மணி நேரமும் இருக்க வேண்டும். அதில் பாதிக்குக் குறையாமல் நோயாளிகளோடு கழிய வேண்டும். பிரிட்டனின் செவிலியர் மற்றும் மகப்பேறுச் செவிலியர் மன்றம் 2018-இல் வெளியிட்ட தரநெறிகள் இன்னும் ஒரு படி மேலே போகின்றன. மாணவர் வார்டின் ஆள் கணக்கில் சேர மாட்டார். அவர் வராவிட்டாலும் வார்டு நடக்க வேண்டும். அன்றாடம் கூட இருந்து சொல்லித் தருகிறவர் ஒருவர், தேறினாரா இல்லையா என்று முடிவு செய்பவர் வேறொருவர். சொல்லித் தருபவரே மதிப்பெண் போடுபவராகவும் இருக்கும்போது மாணவி தன் சந்தேகத்தை வெளியே சொல்லத் தயங்குவாள் என்பது, ஆசிரியர்களாகிய நமக்கு இயல்பாகவே தெரிந்திருக்க வேண்டிய உண்மை. ஆள் பற்றாக்குறை உள்ள வார்டில் மாணவியை மலிவான வேலைக்காரியாக நடத்துவது பல நாடுகளில் இன்றும் ஓயவில்லை. அங்கே கழியும் நூறு மணி நேரம், அருகில் ஒருவர் நின்று திருத்தும் பத்து மணி நேரத்துக்கு ஈடாகாது.

கொடுப்பதற்கும் நம்மிடம் சில உண்டு. படுக்கைப் புண்ணின் முதல் அறிகுறியாக, விரலால் அழுத்தினாலும் வெளிறாத சிவப்பைப் பாடநூல்கள் சொல்கின்றன. கருத்த தோலில் அந்தச் சிவப்பு கண்ணுக்குத் தெரியாது. புறங்கையை வால் எலும்புப் பகுதியிலும் குதிகாலிலும் வைத்து, சுற்றியுள்ள இடத்தைவிடச் சூடாகவோ குளிர்ச்சியாகவோ இருக்கிறதா, கல் போல் இறுகியோ தளர்ந்தோ இருக்கிறதா என்று தடவிப் பார்க்க வேண்டும்; வலிக்கிறதா என்றும் கேட்க வேண்டும். கருத்த தோலுடைய நோயாளிகளையே பார்த்துப் பழகிய எனக்கு இது கை தானாகச் செய்கிற வேலை. அந்த வார்டில் வெண்தோல் நோயாளிகளையே அதிகம் பார்த்திருந்த இளம் செவிலியர் ஒருவர் இதைக் கவனித்து, அடுத்த ஷிஃப்ட் மாறும்போது மற்றவர்களையும் அழைத்துக் காட்டச் சொன்னார். பயிற்சிக்கு வந்தவள் பாடம் நடத்திய அந்தச் சில நிமிடங்களும், நான் கை வைத்து வேலை செய்ததால் கிடைத்தவையே.

அமெரிக்கச் செவிலியக் கல்வியாளர் பாட்ரிசியா பென்னர் 1984-இல் விளக்கிய, செவிலியரின் தேர்ச்சி வளரும் ஐந்து நிலைகளைச் செவிலியம் படித்தவர்கள் அறிவார்கள்: கற்றுக்குட்டியில் தொடங்கி வல்லுநரில் முடியும் வரிசை அது. அதில் பலரும் மறந்துவிடுகிற ஒரு கூற்று, தேர்ந்த செவிலியரும் பழக்கமில்லாத துறைக்குப் போனால் மறுபடியும் கற்றுக்குட்டியாகிவிடுவார் என்பது. மொழி தெரியாத நோயாளி, மாறிப்போன மருந்துப் பெயர்கள், உயர்த்தி இறக்கத் தெரியாத கட்டில் என்று எல்லாமே ஒருவரை அந்த நிலைக்குத் தள்ளும்போது எரிச்சல்தான் முதலில் வரும். அந்த எரிச்சலின் நடுவே, தான் ஏன் ஒரு வேலையை இப்படிச் செய்கிறோம் என்று வாய்விட்டு விளக்க வேண்டிய நிலை வருகிறதே, அதற்காகவே போகலாம்.

இதற்கு ஒரு மறுபக்கம் உண்டு, அதைச் சொல்லாமல் விடுவது சரியாகாது. வசதி மிக்க நாடுகளிலிருந்து வசதி குறைந்த நாடுகளின் மருத்துவமனைகளுக்கு வருகிற மாணவர்கள், தம் நாட்டில் செய்ய அனுமதியே இல்லாத வேலைகளை இங்கே செய்து பார்க்கலாம் என்ற எண்ணத்தோடு வருவதுண்டு. பிரசவம் பார்க்கலாம், தையல் போடலாம் என்று ஆசை காட்டும் விளம்பரங்களும் உண்டு. ஏழை நோயாளியின் உடல் யாருக்கும் பயிற்சிப் பொம்மை அல்ல. சொந்த நாட்டில் மேற்பார்வையின்கீழ் எதுவரை செய்ய அனுமதி உண்டோ, அந்த எல்லை விமானத்தை விட்டு இறங்கியதும் விரிந்துவிடுவதில்லை. ‘தொட விடுவார்களா?’ என்று நான் கேட்கும்போது, ‘யார் பொறுப்பில், எதுவரை?’ என்பதும் அதற்குள் அடக்கம். காப்பீடு உண்டா, பயிற்சிப் பதிவேட்டில் கையெழுத்திடும் செவிலியர் யார், நோயாளியிடம் இவர் மாணவி என்று சொல்லி ஒப்புதல் வாங்குகிறார்களா என்பவற்றுக்கு எழுத்தில் பதில் தராத திட்டத்துக்கு நான் பரிந்துரைக் கடிதம் கொடுப்பதில்லை.

திரும்பி வந்தபின் நடப்பதுதான் பலருக்கும் கசப்பு. “அங்கே இப்படிச் செய்வார்கள்” என்று வாயெடுத்தாலே வார்டில் முகம் சுளிப்பார்கள். அதில் தவறும் இல்லை. இரண்டு செவிலியர் முப்பது நோயாளிகளைப் பார்க்கும் இரவு டியூட்டியில், ஒருவருக்கு ஒருவர் என்ற கணக்கில் நடக்கிற வேலையைப் பற்றிப் பேசினால் யாருக்குத்தான் கோபம் வராது? ஆள்பலத்தையும் பணத்தையும் நம்பி நிற்கிற முறைகளை அப்படியே தூக்கிக்கொண்டு வர முடியாது. ஆனால் சுவாசத்தை ஒரு நிமிடம் எண்ணுவதற்கு நொடிமுள் உள்ள ஒரு கடிகாரம் போதும். ஷிஃப்ட் மாறும்போது மேசையைச் சுற்றி நிற்காமல் படுக்கை அருகே போய், நோயாளி கேட்கும்படி அடுத்தவரிடம் பொறுப்பை ஒப்படைப்பதற்குச் செலவு எதுவும் இல்லை. நான் முதலில் கொண்டுவர முயன்றது அந்த எண்ணிக்கையை மட்டும்தான்; அதுவும் எல்லோருக்கும் அல்ல, அறுவை சிகிச்சை முடிந்து வந்த முதல் நாள் நோயாளிகளுக்கு மட்டும். அது ஓரளவு நிலைத்தது. படுக்கையருகே ஒப்படைக்கும் முறை, இரவு ஷிஃப்டில் மற்ற நோயாளிகளின் தூக்கம் கெடுகிறது என்ற புகாரோடு நின்றுவிட்டது; அந்தப் புகாரிலும் நியாயம் இருந்தது.

இதனால்தான் கல்லூரி நிர்வாகங்களிடம் நான் கேட்பது, இறுதியாண்டின் கடைசியில் மாணவிகளை வெளிநாட்டுக்கு அனுப்பாதீர்கள் என்று. தேர்வு முடிந்து, அப்படியே வேலைக்கும் போய்விடுகிற நேரத்தில் கிடைக்கும் பயிற்சி, கற்ற இடத்துக்குத் திரும்பி வருவதே இல்லை. அதற்கு முந்தைய ஆண்டில் அனுப்பினால், திரும்பி வந்தபின் பழைய வார்டுகளிலேயே இன்னும் சில மாதப் பயிற்சி மிச்சம் இருக்கும். அங்கே பார்த்ததில் எது இங்கே செல்லும், எது செல்லாது என்று பழைய கண்காணிப்பாளர்களோடு வாதாடிப் பார்க்க அவர்களுக்கும் நேரம் இருக்கும், எங்களுக்கும் நேரம் இருக்கும்.