பத்தாம் வகுப்பு இங்கிலீஷ்: அந்த லிட்ரரி டிவைஸ் பட்டியலைத் தூக்கிப் போடுங்கள்

ரிசல்ட் வந்தாச்சு. இங்கிலீஷில்தான் எனக்கு அதிக மார்க், வீட்டில் இன்னும் நம்பவில்லை. அடுத்த வருஷம் சிபிஎஸ்இ எழுதப் போகிறவர்களுக்காக இதை எழுதுகிறேன், அதுவும் 40 மார்க் லிட்ரேச்சர் பற்றி மட்டும்.

டியூஷனில் லிட்ரரி டிவைஸ் (உவமை, உருவகம் மாதிரி இலக்கிய உத்திகள்) எல்லாவற்றையும் டெஃபினிஷனோடு அச்சடித்துக் கொடுத்தார்கள். பலதும் நம் பாடத்தில் எங்கேயுமே வராது. எக்ஸ்ட்ராக்டில், அதாவது பாடத்திலிருந்து எடுத்துக் கொடுக்கும் பகுதியில், ஒரு வரியைக் கொடுத்து, இங்கே என்ன டிவைஸ், அதனால் என்ன பலன் என்றுதான் கேட்பார்கள். அதனால் ஒவ்வொன்றையும் ஒரு பாட்டோடு முடிச்சுப் போட்டுவிடுங்கள். 'ஃபாக்' என்றால் மெட்டஃபர் (உருவகம்), பனிமூட்டம் பூனையாகச் சத்தமில்லாமல் வந்து உட்கார்ந்துவிட்டுப் போகிறது. 'ஃபயர் அண்ட் ஐஸ்' சிம்பலிசம் (குறியீடு). நெருப்பு ஆசை, ஐஸ் வெறுப்பு.

ஐரனிக்கு (முரண்நகை) மட்டும் கொஞ்சம் மெனக்கெடுங்கள். 'எ லெட்டர் டு காட்' கதையில் லெஞ்சோ கடவுளுக்குக் கடிதம் போட்டு 100 பெசோ கேட்கிறான், போஸ்ட் மாஸ்டர் வசூல் பண்ணி 70 அனுப்புகிறார், அவனோ மீதியை அந்தத் தபால்காரர்களே திருடிவிட்டதாக நினைக்கிறான். உண்மை நமக்குத் தெரியும், அவனுக்குத் தெரியாது, அது டிராமாட்டிக். 'தி நெக்லஸ்' வேறு ரகம்: இரவல் நகையைத் தொலைத்து, 36,000 பிராங்குக்கு வேறு வாங்கிக் கொடுத்து, பத்து வருஷம் கடனடைத்தபின் பார்த்தால் அது 500 பிராங்குகூடத் தேறாத கவரிங். நினைத்தது ஒன்று, நடந்தது வேறு, அது சிச்சுவேஷனல்.

சமூகப் பிரச்சினை கேட்கும் 6 மார்க் கேள்விதான் ஆளைக் கவிழ்ப்பது. "வரதட்சணை ஒரு கொடுமை" என்று தொடங்கி 120 வார்த்தையில் பாதியைக் கரைத்துவிட்டால் கதைக்கு இடம் ஏது? கதை திரும்புகிற இடத்தைப் பிடியுங்கள். இதை மட்டும் செய்தாலே போதும் என்பேன். கே.ஏ.அப்பாஸின் 'போலி' (Bholi, அது கதாநாயகியின் பெயர்) கதையில் கல்யாணத்தன்று மாப்பிள்ளை அவள் முகத்து அம்மைத் தழும்பைப் பார்த்துவிட்டு 5,000 ரூபாய் கேட்கிறான், அவள் அப்பா தலைப்பாகையை அவன் காலில் வைத்துக் கெஞ்சுகிறார், கடைசியில் பணமும் கொடுக்கிறார், அதற்கப்புறம்தான் அவள் மாலையை நெருப்பில் எறிகிறாள். வரதட்சணை, பெண் கல்வி, அழகை வைத்து எடை போடுவது, எது கேட்டாலும் இந்த ஒரு இடத்திலிருந்தே எழுதலாம்.

அப்புறம் சில:

- மண்டேலா பாடத்துக்கு நிறவெறி வரலாறு வேண்டாம். பதவியேற்பில் வெள்ளையரும் கறுப்பரும் ஒருவர் தேசிய கீதத்தை மற்றவர் பாடியதை எழுதுங்கள்.
- 'மேடம் ரைட்ஸ் தி பஸ்' நம்ம வல்லிக்கண்ணன் எழுதியது. ஈஸி என்று தள்ளாமல் அந்தச் செத்த பசு வரும் இடத்தை இரண்டு முறை படியுங்கள்.
- கொட்டேஷன் மனப்பாடம் எனக்கு வராது, வருகிறவர்கள் செய்யுங்கள்.
- ரீடிங் டைம் 15 நிமிஷத்தில் எந்த எக்ஸ்ட்ராக்ட் என்று முடிவு பண்ணிவிடுங்கள். எழுத ஆரம்பித்தபின் மாற்றாதீர்கள்.